கையைக் கட்டாமல் உட்காருங்கள்: முதல் இன்டர்வியூவுக்குக் கிளம்புகிறவர்களுக்கு

இது முதன்முறையாக வேலைக்கு இன்டர்வியூ போகிறவர்களுக்கான கட்டுரை. குறிப்பாக, ஏதோ ஒரு மாவட்டத்தில் பொறியியலோ கலை அறிவியலோ படித்து முடித்து, கேம்பஸில் காத்திருப்பவர்களுக்கும், கிண்டி, ஓ.எம்.ஆர்., ஸ்ரீபெரும்புதூர் என்று ஃபைலோடு அலைகிறவர்களுக்கும். பாடத்தில் என்ன கேட்பார்கள் என்பதற்கு ஏற்கனவே ஆயிரம் குறிப்புகள் கிடைக்கின்றன. எப்படி உள்ளே போவது, எங்கே பார்ப்பது, கையை என்ன செய்வது, தெரியாத கேள்வி வந்தால் எப்படி நடந்துகொள்வது என்பதையெல்லாம் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. நான் எழுதப்போவது அதைப் பற்றித்தான்.

ஃப்ரெஷர்களைத் தேர்வு செய்யும் பேனல்களில் பல காலம் உட்கார்ந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நம் பிள்ளைகள் திமிராக நடந்து வேலையைக் கெடுத்துக்கொள்வது அபூர்வம். கெடுப்பது பெரும்பாலும் பணிவுதான். ஆசிரியர் முன்னால் கை கட்டி, தலை குனிந்து, கேட்டால் மட்டும் வாய் திறந்து, குரலை இறக்கிப் பேசியே பள்ளியும் கல்லூரியும் முடித்திருக்கிறோம். வீட்டிலும் பெரியவர்கள் முன்னால் அதுதான் மரியாதை. ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பெங்களூரிலிருந்தோ புனேவிலிருந்தோ வந்தவராக இருந்தால், அதே உடல் அவர் கண்ணுக்குப் பயந்த உடலாகத் தெரிகிறது. விஷயம் தெரியாதவர், ஆர்வம் இல்லாதவர், எதையோ மறைக்கிறவர் என்று அவர் மனதில் ஓடும். அவர் தப்பாகத்தான் புரிந்துகொள்கிறார். இருந்தாலும் நஷ்டம் உங்களுக்கு. அதனால் பணிவை விட வேண்டாம். அதைச் சொற்களில் வைத்துக்கொண்டு, உடம்பை மட்டும் அதிலிருந்து விடுவியுங்கள். கீழே சொல்வதெல்லாம் இதற்கான வழிகள்.

எதையெல்லாம் நம்ப வேண்டாம்

பயிற்சி வகுப்புகளில் ஒரு ஸ்லைடு தவறாமல் வரும். ஒருவர் பேசும்போது வார்த்தைக்கு 7 சதவீதம், குரலுக்கு 38 சதவீதம், உடல்மொழிக்கு 55 சதவீதம் மதிப்பு என்று. ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியல் பேராசிரியர் 1967-ல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து வந்த எண்கள் இவை. ஒற்றை வார்த்தைகளை வெவ்வேறு குரலில் ஒலிக்கவிட்டும், முகபாவத்தைப் படத்தில் காட்டியும், பேசுகிறவருக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று ஊகிக்கச் சொன்ன சோதனைகள் அவை. விருப்பு வெறுப்பைப் பற்றிய பேச்சுக்கு மட்டும்தான் இது பொருந்தும் என்று மெஹ்ராபியனே சொல்லியிருக்கிறார். ஜாவாவில் இன்டர்ஃபேஸ் என்றால் என்ன என்று கேட்டால், பதிலில் 55 சதவீதத்தைத் தோளாலும் புருவத்தாலும் சொல்லிவிட முடியாது.

இன்னொன்று, இடுப்பில் கை வைத்துக் காலை அகட்டி இரண்டு நிமிடம் நின்றால் உடம்பில் ஹார்மோனே மாறி தைரியம் வரும் என்ற கதை. 2010-ல் அப்படி ஓர் ஆய்வு வந்து உலகமெங்கும் பிரபலமானது. பிறகு அதைவிடப் பெரிய குழுவை வைத்துச் செய்து பார்த்தபோது ஹார்மோன் மாற்றம் எதுவும் தெரியவில்லை. முதல் ஆய்வை எழுதியவர்களில் ஒருவரான டேனா கார்னி, அந்த விளைவு உண்மை என்று இனி நம்பவில்லை என்று 2016-ல் வெளிப்படையாக எழுதினார். ஆக, கம்பெனி பாத்ரூமில் போய் அப்படி நிற்க வேண்டியதில்லை. நின்றாலும் தப்பில்லை, யாராவது உள்ளே வந்தால் சங்கடம், அவ்வளவுதான்.

மூக்கைத் தொட்டால் பொய், காதைத் தடவினால் தயக்கம் என்கிற அகராதிகளையும் தூக்கிப் போடுங்கள். பொய்யைக் கண்டுபிடிப்பதில் சாதாரண மனிதர்களின் வெற்றி சராசரியாக 54 சதவீதம்தான் என்று 2006-ல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு காட்டியது. பூவா தலையா போட்டுப் பார்ப்பதற்குக் கொஞ்சம் மேலே. மூக்கு அரித்தால் சொறிந்துகொள்ளுங்கள்.

அப்படியானால் உடல்மொழிக்கு என்ன மதிப்பு? பல நிறுவனங்களில் பேனலில் இருப்பவர் கையில் ஒரு படிவம் இருக்கும். பாட அறிவுக்கு ஒரு கட்டம். பக்கத்திலேயே 'கம்யூனிகேஷன்', 'ஆட்டிட்யூட்', 'கான்ஃபிடன்ஸ்' என்று சில கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். ஆட்டிட்யூட் என்றால் என்ன, எதற்கு 3, எதற்கு 4 என்று பெரும்பாலும் யாரும் அவருக்கு விளக்கியிருக்க மாட்டார்கள். உங்களைப் பார்த்தபோது மனதில் பட்டதை வைத்துப் போடுகிறார். பாடத்தில் இரண்டு பேர் சமமாக இருக்கும்போது இந்தக் கட்டங்கள்தான் ஆளைப் பிரிக்கின்றன. பாடமே தெரியாதவரை எந்த உடல்மொழியும் தூக்கி நிறுத்தாது.

ஒரு வாரம் முன்னால்

உடம்பு தைரியமாக இருக்க, அதற்குச் சொல்ல ஏதாவது கையில் இருக்க வேண்டும். ஆகவே முதல் வேலை நாற்காலியில் நிமிர்ந்து உட்காரப் பழகுவது இல்லை, பேசப்போகும் விஷயத்தைத் தயார் செய்வது.

"மை நேம் இஸ்... ஐ ஆம் கமிங் ஃப்ரம்... மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர், மை மதர் இஸ் எ ஹோம்மேக்கர், மை ஹாபீஸ் ஆர் லிசனிங் டு மியூசிக் அண்ட் பிளேயிங் கிரிக்கெட்." கேம்பஸ் நாளில் காலையிலிருந்து மாலை வரை இதையே கேட்போம். அப்பா விவசாயி என்று சொல்வதில் ஒரு குறையும் இல்லை, பெருமையாகவே சொல்லுங்கள். சிக்கல் மனப்பாடத்தில்தான் இருக்கிறது. மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கும்போது பார்வை சுவரும் கூரையும் சேரும் மூலைக்குப் போய்விடும், குரல் ஒரே சுருதியில் ஓடும். நடுவில் ஒரு கேள்வி கேட்டால் வண்டி நின்றுவிடும், மறுபடி 'மை நேம் இஸ்' என்று முதலிலிருந்துதான் கிளம்பும். அதனால் அறிமுகத்தைப் பத்தியாக எழுதி வைக்காதீர்கள். ஒரு துண்டுக் காகிதத்தில் நாலு குறிப்பு மட்டும் போதும்: என்ன படித்தேன், என் கையால் என்ன செய்தேன், எது நன்றாக வரும், இந்த வேலை ஏன். தினமும் அந்த நாலையும் வேறு வேறு வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள்.

அடுத்து ப்ராஜெக்ட். இங்கேதான் முகம் அதிகம் மாறுகிறது. ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கி, தலைப்பை மட்டும் மாற்றி, நாலு பேர் பேரைப் போட்டுச் சமர்ப்பித்த கதை பேனலுக்குப் புதிதில்லை. "இதுல உங்க பங்கு என்ன?" என்று கேட்டதும் கண் கீழே போகும், "டீமா பண்ணோம் சார்" என்று குரல் தேயும். வாங்கியதுதான் என்றாலும் அதில் ஏதாவது ஒரு பகுதியை இந்த ஒரு வாரத்தில் முழுசாகப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். அதைவிட நல்லது, நீங்களே செய்த சின்ன வேலை எதையாவது பேசுவது. ஊரில் மாமா கடைக்கு எக்செலில் ஸ்டாக் கணக்குப் போட்டுக் கொடுத்தது, ஹாஸ்டல் மெஸ் கமிட்டியில் செலவு பார்த்தது, வீட்டு மோட்டாரைக் கழற்றிச் சரி செய்தது. தான் செய்ததைப் பேசும்போது யாருக்கும் யாரும் உடல்மொழி சொல்லித் தர வேண்டியதில்லை. கை தானாக அசையும், கண் தானாக நிமிரும். அப்படி மூன்று சம்பவம் கையில் வைத்திருங்கள். ஒன்றில் ஏதாவது தப்பாகப் போய், பிறகு நீங்கள் சரி செய்ததாக இருக்கட்டும். கட்டாயம் கேட்பார்கள்.

அப்புறம், போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்து இரண்டு நிமிடம் உங்களையே வீடியோ எடுங்கள். கண்ணாடி முன்னால் பேசிப் பழகுவது உதவாது, கண்ணாடியில் நம்மை நாமே பார்த்து நடிக்க ஆரம்பித்துவிடுவோம். வீடியோவை முதல் முறை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். கால் ஆடுகிறதா, விரலை நெட்டி முறிக்கிறீர்களா, துப்பட்டாவை முறுக்குகிறீர்களா என்று தெரியும். அடுத்த முறை போனைக் கவிழ்த்து வைத்துக் குரலை மட்டும் கேளுங்கள். எத்தனை 'ஆக்சுவலி', எத்தனை 'பேசிக்கலி', வாக்கியத்தின் கடைசி வார்த்தை காதில் விழுகிறதா இல்லையா. பார்த்த குறைகளில் ஒன்றை மட்டும் எடுத்துத் திருத்துங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கவனித்தால் பொம்மை மாதிரி ஆகிவிடுவீர்கள், அது இன்னும் மோசம்.

உடை, நேரம்

புதுச் சட்டை, புது ஷூவை அன்றைக்கே முதன்முதலாகப் போடாதீர்கள். ஷூ கடிக்கும், காலர் உறுத்தும், உடம்பு முழுக்க அதிலேயே இருக்கும். ஏற்கனவே போட்டுப் பழகிய, இஸ்திரி போட்ட சட்டை பேன்ட் போதும். பெண்களுக்கு சுடிதார், காட்டன் புடவை, பேன்ட் சட்டை, எதுவானாலும் உட்கார்ந்து எழுந்தால் இழுத்துச் சரிசெய்யத் தேவையில்லாததாக இருக்கட்டும். நெற்றியில் விபூதியோ பொட்டோ இருப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

சென்னை வெயிலில் பஸ்ஸிலும் மின்சார ரயிலிலும் வந்து இறங்கினால் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். அரைமணி நேரம் முன்னாலேயே போய், முகம் கழுவி, கர்ச்சீப்பால் துடைத்து, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து காயுங்கள். கர்ச்சீப் இரண்டு எடுத்துப் போவது உத்தமம். ஃபைலில் ஒரிஜினல், ஜெராக்ஸ், போட்டோ, ஆதார் என்று வரிசையாக அடுக்கி வைத்திருங்கள். மார்க் ஷீட் கேட்கும்போது மேசை மேல் எல்லாவற்றையும் கொட்டித் தேடுகிறவர் அதன்பின் நிதானத்துக்கு வரவே சில நிமிடம் ஆகிறது.

வாசலிலேயே தொடங்கிவிடுகிறது

செக்யூரிட்டி அண்ணனிடம் எரிந்து விழுந்தவர், ரிசப்ஷனில் இருந்த பெண்ணிடம் "எவ்ளோ நேரம்ங்க?" என்று அதட்டியவர் பேரெல்லாம் ஹெச்.ஆர். காதுக்கு வரும். சில இடங்களில் அவர்களிடம் வேண்டுமென்றே கேட்கிறார்கள். காத்திருக்கும் அறையில் காலை நீட்டிச் சரிந்து உட்கார்ந்து போனில் ரீல்ஸ் பார்க்காதீர்கள். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. உள்ளே போய் வருகிற ஒவ்வொருவரையும் சூழ்ந்துகொண்டு "என்ன கேட்டாங்க, என்ன கேட்டாங்க?" என்று கேட்கும் கூட்டத்தில் சேராதீர்கள். பத்து பேர் பயத்தையும் சேர்த்து நீங்கள் சுமந்துகொண்டு உள்ளே போவீர்கள்.

நெஞ்சு படபடக்கும்போது 'பயப்படாதே, அமைதியாக இரு' என்று சொல்லிக்கொள்வது பெரும்பாலும் வேலை செய்வதில்லை. ஹார்வர்டில் ஆலிசன் வுட் ப்ரூக்ஸ் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், மேடைப்பேச்சுக்கும் பாட்டுக்கும் முன்னால் 'எனக்கு உற்சாகமாக இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டவர்கள், அமைதியாக இருக்க முயன்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். பயத்திலும் உற்சாகத்திலும் இதயம் ஒரே மாதிரிதான் அடிக்கிறது. அடிக்கட்டும், அதை அடக்கப் பார்க்காமல் 'சரி, ஆரம்பிக்கலாம்' என்று எழுந்து போங்கள்.

கதவிலிருந்து நாற்காலி வரை

பெயர் கூப்பிட்டதும் ஃபைலை இடது கையில் மாற்றிக்கொள்ளுங்கள், வலது கை காலியாக இருக்கட்டும். கதவைத் தட்டி, திறந்து, "மே ஐ கம் இன்?" என்று உள்ளே இருப்பவர் காதில் விழுகிற மாதிரி கேளுங்கள். பாதி கதவுக்குள் தலையை மட்டும் நீட்டிக் கேட்க வேண்டாம். இயல்பான வேகத்தில் நடந்து போய் "குட் மார்னிங்". ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வேண்டாம், எல்லோரையும் ஒரு முறை பார்த்துச் சொன்னால் போதும்.

கைகுலுக்குவதை அவர்கள் தொடங்கட்டும். கை நீட்டினால் உறுதியாகப் பிடித்து விடுங்கள், விரல் நுனியை மட்டும் கொடுக்காதீர்கள். அமெரிக்க மாணவர்களை வைத்து மாதிரி இன்டர்வியூ நடத்தி 2008-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், உறுதியாகக் கைகுலுக்கியவர்களை வேலைக்குப் பரிந்துரைக்கும் போக்கு கொஞ்சம் கூடுதலாக இருந்தது. நம் ஊரில் பல பேனல்களில் கையே நீட்ட மாட்டார்கள். அப்போது சிரித்த முகத்தோடு தலையசைப்பு போதும். கைகுலுக்க விருப்பமில்லாத பெண்கள், ஆண்களும்தான், வணக்கம் வைக்கலாம். தயங்கித் தயங்கிப் பாதி நீட்டிய கைதான் சங்கடம்.

உட்காரச் சொன்ன பிறகு உட்காருங்கள். அவர்கள் ரெஸ்யூமேயில் மூழ்கிவிட்டால் கொஞ்சம் பொறுத்து "மே ஐ சிட்?" என்று கேட்டுவிடுங்கள். சொல்ல மறந்துவிட்டார்கள் என்று பத்து நிமிடம் நின்றுகொண்டே பதில் சொன்ன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பார்க்கப் பாவமாக இருக்குமே தவிர மரியாதையாகத் தெரியாது.

நாற்காலி நுனியில் தொற்றிக்கொள்ளாதீர்கள். முதுகு சாய்மானத்தைத் தொடட்டும், இரண்டு பாதமும் தரையில் இருக்கட்டும். பையைக் கீழே வையுங்கள், மடியில் வைத்து அணைத்துக்கொள்ள வேண்டாம். கால் மேல் கால் போடலாமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். தப்பென்று இல்லை, ஆனால் நம் ஊர்ப் பேனலில் ஒரு மூத்தவர் இருந்தால் உறுத்தும், அதனால் வேண்டாம். சுழலும் நாற்காலி என்றால் பாதத்தை அழுத்தி வையுங்கள், இல்லாவிட்டால் உங்களுக்கே தெரியாமல் ஊஞ்சல் ஆடுவீர்கள். கையை நெஞ்சில் கட்டாமல், தொடைகளுக்கு நடுவில் ஒளிக்காமல், மடியிலோ மேசை விளிம்பிலோ சும்மா வையுங்கள். பேசும்போது அது அசைந்தால் அசையட்டும். கையைக் கட்டிப்போட்டால் நாக்கும் சேர்ந்து கட்டுப்படுவதை நான் பலமுறை கவனித்திருக்கிறேன்.

கண்ணும் தலையும்

கேள்வி கேட்டவரைப் பார்த்துப் பதிலைத் தொடங்குங்கள், நடுவில் மற்றவர்களையும் ஒரு முறை பாருங்கள், முடிக்கும்போது கேட்டவரிடமே திரும்புங்கள். மூன்று பேர் இருக்கும் பேனலில் பிள்ளைகள் செய்யும் பெரிய தவறு, சிரித்த முகமாக இருப்பவரை மட்டும் பார்த்துப் பேசுவது. முறைத்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் பல நேரம் முடிவெடுப்பவர்.

நேராகக் கண்ணைப் பார்ப்பது கூச்சமாக இருந்தால் இரண்டு புருவத்துக்கு நடுவில் பாருங்கள், எதிரில் இருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. யோசிக்கும்போது பார்வை விலகுவது இயல்பு. கடினமான கேள்விக்கு மனிதர்கள் பார்வையைத் திருப்பிக்கொள்வதும், அப்படித் திருப்பும்போது நினைவு எளிதாக வருவதும் ஆய்வில் காணப்பட்ட விஷயங்கள்தான். யோசிக்கும்போது விலகட்டும், பதில் சொல்லும்போது திரும்பி வரட்டும். அவ்வளவே.

தலையாட்டலில் ஓர் எச்சரிக்கை. நாம் 'சரி' என்பதற்கும் 'ம், கேட்கிறேன்' என்பதற்கும் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவோம். நமக்குள் அது தெளிவான பேச்சு. வெளிநாட்டு மேலாளர் வீடியோவில் இருந்தால், ஆமா இல்லையா என்று அவருக்குப் புரியாது. அப்படிப்பட்ட இடத்தில் ஆட்டலோடு 'யெஸ்' என்று வாயாலும் சொல்லிவிடுங்கள்.

குரல், ஆங்கிலம், சார்

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு இதுதான் மலை. உண்மையைச் சொன்னால், இலக்கணப் பிழையோடு தெளிவாகப் பேசியவர்களை நாங்கள் எடுத்திருக்கிறோம். இலக்கணம் தப்பிவிடுமோ என்று முணுமுணுத்தவர்களை எடுக்க முடிந்ததில்லை, ஏனென்றால் என்ன சொன்னார்கள் என்றே கேட்கவில்லை. சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். வார்த்தை வராவிட்டால் நிறுத்தி, வேறு மாதிரி சொல்லுங்கள். எதிரில் இருப்பவருக்குத் தமிழ் தெரியும் என்றால், "இந்த ஒரு இடத்தைத் தமிழ்ல விளக்கட்டுமா சார்?" என்று கேட்கலாம். தொழிற்சாலை வேலைகளுக்கு அது பெரும்பாலும் தடையே இல்லை. வாடிக்கையாளரோடு ஆங்கிலத்தில் பேச வேண்டிய வேலை என்றால் அங்கே செல்லாது, அதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

ஒரு வாக்கியத்துக்கு மூன்று 'சார்' வேண்டாம். பதிலின் தொடக்கத்திலோ முடிவிலோ ஒன்று போதும். பேனலில் பெண் இருக்கும்போது பழக்கதோஷத்தில் அவரையும் 'சார்' என்றுவிடுகிறார்கள். பிறகு அதற்காகப் பதறி அடுத்த கேள்வியையும் கோட்டை விடுகிறார்கள். 'சாரி மேடம்' என்று சொல்லிவிட்டு மேலே போங்கள், யாரும் தூக்கில் போட மாட்டார்கள்.

தெரியாத கேள்வி

ஆட்டிட்யூட், அதாவது மனப்பாங்கு என்று சொல்கிறார்களே, அது வெளியே தெரியும் முதல் இடம் இது. பேனலில் இருப்பவர் உங்களுக்குத் தெரியாத இடம் வரும்வரை கேட்டுக்கொண்டே போவார், அது அவருடைய வேலை. ஆகவே தெரியாத கேள்வி வருவது தோற்றதற்கு அடையாளம் இல்லை, நன்றாகப் போவதற்கும் அதுவே அடையாளமாக இருக்கலாம்.

இங்கே மூன்று வகைப் பிள்ளைகளைப் பார்க்கலாம். முதல் வகை, உடனே "சாரி சார், தெரியாது சார்" என்று தலை குனிந்துவிடும். இரண்டு கேள்விக்கு அப்படிச் சொன்ன பிறகு தெரிந்த கேள்விக்கும் குரல் எழாது. இரண்டாவது வகை, வாய்க்கு வந்ததை அடித்துவிடும். அந்தப் பாடத்திலேயே ஊறியவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார் என்பதை மறந்துவிடும். மூன்றாவது வகை கொஞ்சம் நிறுத்தி, "இது எனக்கு நேரடியாகத் தெரியாது. ஆனால் இதோடு சம்பந்தப்பட்ட இந்த விஷயம் தெரியும், அதை வைத்து யோசித்தால் இப்படி இருக்கலாம்" என்று சொல்லும். பதில் தப்பாக இருந்தாலும் மதிப்பெண் இவருக்குத்தான். நாளைக்கு வேலையில் ஒரு புதுப் பிரச்சினை வந்தால் என்ன செய்வார் என்பது தெரிந்துவிடுகிறதே.

காகிதத்திலோ போர்டிலோ எழுதச் சொன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு மௌனமாக எழுதாதீர்கள். என்ன யோசிக்கிறீர்கள் என்பதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதுங்கள். பாதி வழியில் தடம் மாறினால் அவரே ஒரு குறிப்புக் கொடுப்பார். அந்தக் குறிப்பைக் கொடுக்கும்போது உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்பதையும் பார்ப்பார். 'ஓ, ஆமா' என்று எடுத்துக்கொள்கிறவரோடு வேலை செய்யலாம். "இல்ல சார், நான் எழுதினதும் கரெக்ட்தான்" என்று முதல் வேகத்திலேயே மறுப்பவர் யோசிக்க வைக்கிறார். நீங்கள் சொன்னது உண்மையிலேயே சரி என்றால் விட்டுக்கொடுக்க வேண்டாம், காரணத்தை அமைதியாகச் சொல்லுங்கள். அது திமிர் ஆகாது.

அரியர், மார்க் குறைவு, ஒரு வருட இடைவெளி, இதெல்லாம் ரெஸ்யூமேயிலேயே இருக்கிறது, மறைக்க முடியாது. கேட்டதும் ஒரே வாக்கியத்தில் காரணம், அடுத்த வாக்கியத்தில் இப்போதைய நிலை. "மூணாவது செமஸ்டர்ல ரெண்டு அரியர் இருந்தது, அடுத்த வருஷமே எழுதி முடிச்சுட்டேன்." அதற்கு மேல் விளக்கம், கல்லூரியைக் குறை சொல்வது, வாத்தியார் சரியில்லை என்பது எதுவும் வேண்டாம். வாத்தியார் சரியில்லாமலே இருந்திருக்கலாம். ஆனால் அதைச் சொல்லும்போது முகத்தில் வரும் கசப்பு மட்டும்தான் கேட்கிறவர் மனதில் நிற்கும்.

'எங்க வேணும்னாலும் போவேன் சார்'

நைட் ஷிஃப்ட் சரியா, பெங்களூர், ஹைதராபாத் போவீர்களா, இரண்டு வருடம் வேலையை விட்டுப் போக மாட்டேன் என்று பாண்டு எழுதிக் கொடுப்பீர்களா என்ற கேள்விகள் பொதுவாகக் கடைசியில் வரும். வேலை கைக்கு எட்டிய நேரம் என்பதால் எல்லாவற்றுக்கும் 'யெஸ் சார்' என்கிறார்கள். வாய் சரி என்கிறது, முகம் வீட்டு ஞாபகத்தில் விழுகிறது. அனுபவம் உள்ள ஹெச்.ஆர். அங்கேயே நிறுத்தி "வீட்ல கேட்டீங்களா?" என்பார். ஆகவே இந்த மூன்றையும் வீட்டில் முதலிலேயே பேசி முடித்துவிட்டு வாருங்கள். முடியாததை முடியாது என்றோ, "ஆறு மாசம் சென்னைல வேலை கத்துக்கிட்டு அப்புறம் போறேன்" என்றோ சொல்லலாம். பாண்டு பத்திரத்தைப் படித்துப் பார்க்காமல் எங்கேயும் கையெழுத்துப் போடாதீர்கள். வேலைக்கு முன்பணம் கட்டச் சொல்கிற இடத்தில் உடல்மொழி எதுவும் தேவையில்லை, எழுந்து வந்துவிடுங்கள்.

பெண்களிடம் "எப்போ கல்யாணம்?" என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேட்கக்கூடாத கேள்வி அது, கேட்டது அவருடைய குறை. "நீண்ட காலம் வேலை பார்க்கும் எண்ணத்தோடுதான் வந்திருக்கிறேன்" என்று ஒரே வரியில் சொல்லி நிறுத்திவிடலாம். அந்த நிறுவனம் வேண்டுமா என்று நீங்களும் யோசிக்கலாம்.

வீடியோவில் என்றால்

போனையோ லேப்டாப்பையோ நாலு புத்தகத்தின் மேல் வைத்து, கேமரா கண் உயரத்துக்கு வரும்படி செய்யுங்கள். வெளிச்சம் முகத்தின் மேல் விழ வேண்டும், ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் நிழலுருவம்தான் தெரியும். பேசும்போது திரையில் இருக்கும் முகத்தை விட்டு, கேமராவின் லென்ஸைப் பாருங்கள். முதலில் விநோதமாக இருக்கும். லென்ஸுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டினால் பழகிவிடும். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள், குக்கர் விசிலும் அந்த அரைமணி நேரம் பொறுக்கட்டும். கரன்ட் போகலாம் என்பதால் சார்ஜ், போன் டேட்டா இரண்டும் தயாராக இருக்கட்டும்.

பக்கத்துத் திரையில் பதிலைத் தேடிப் படிப்பது எங்களுக்குத் தெரிகிறது. கண் இடமிருந்து வலமாக வரிவரியாக ஓடும், பேச்சு திடீரென்று புத்தக நடைக்கு மாறும். யோசிக்கும் கண் அப்படி ஓடாது.

ஆளே இல்லாமல் கேமராவிடம் பதில் சொல்லிப் பதிவு செய்யும் முறையும் வந்துவிட்டது. கணினி உங்கள் முகபாவத்தை அளந்து மார்க் போடும் என்று பயமுறுத்துவார்கள். அப்படிச் செய்துகொண்டிருந்த ஹயர்வியூ என்ற அமெரிக்க நிறுவனம் கடுமையான விமர்சனத்துக்குப் பிறகு முகபாவ மதிப்பீட்டை நிறுத்திவிட்டதாக 2021-ல் அறிவித்தது. வேலை சார்ந்த இடங்களில் முகத்தை வைத்து உணர்ச்சியை ஊகிக்கும் மென்பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி முதல் பெரும்பாலும் தடை செய்துவிட்டது. ஆக, கேமரா முன்னால் இடைவிடாமல் சிரிக்க வேண்டியதில்லை. தெளிவாகப் பேசினால் போதும்.

திக்குவாய், பார்வைக் குறைபாடு, கண்ணைப் பார்த்துப் பேச முடியாத ஆட்டிசம் போன்றவை இருந்தால், முன்கூட்டியே மின்னஞ்சலில் ஹெச்.ஆருக்கு ஒரு வரி எழுதிவிடலாம், அல்லது தொடக்கத்திலேயே சொல்லிவிடலாம். "எனக்குப் பேச்சு சில நேரம் திக்கும், கொஞ்சம் நேரம் எடுத்துக்குவேன்" என்று முதலிலேயே சொன்னவர்கள் அதற்குப் பிறகு திக்குவதைப் பற்றிக் கவலைப்படாமல் பேசியதைப் பார்த்திருக்கிறேன்.

கிளம்பும்போதும் பிறகும்

"ஏதாவது கேட்கணுமா?" என்றால் 'நோ சார்' வேண்டாம். முதல் ஆறு மாதம் என்ன வேலை இருக்கும், யாரிடம் கற்றுக்கொள்வேன் என்று கேளுங்கள். சம்பளம் அவர்கள் சொல்லவில்லை என்றால் ஹெச்.ஆர். சுற்றில் கேட்கலாம், அதில் வெட்கம் இல்லை. காகிதங்களை நிதானமாக ஃபைலில் வைத்து, நன்றி சொல்லி, நாற்காலியைச் சரியாகப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். நன்றாகவே போன இன்டர்வியூவில் கூட எழுந்த பிறகு கையைக் கூப்பி, "எப்படியாவது பாத்துப் பண்ணுங்க சார், வீட்ல ரொம்பக் கஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். கஷ்டம் உண்மைதான். ஆனால் அதுவரை உங்கள் தகுதியை எடை போட்டுக்கொண்டிருந்தவர், அந்த நொடியிலிருந்து உங்கள் மேல் இரக்கப்பட வேண்டியவர் ஆகிவிடுகிறார். அதைச் சொல்லாதீர்கள்.

வெளியே வந்ததும் டீக்கடையில் உட்கார்ந்து, கேட்ட கேள்விகளை ஞாபகம் இருக்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள். எங்கே குரல் இறங்கியது, எந்தக் கேள்விக்குப் பார்வை கீழே போனது என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். அடுத்த இன்டர்வியூவுக்கு முன்னால் வீடியோ எடுக்கும்போது அந்தக் கேள்விகளிலிருந்து ஆரம்பியுங்கள். பதில் எப்போது வரும் என்று அவர்கள் சொன்ன தேதி தாண்டி இரண்டு நாள் ஆகியும் எதுவும் வரவில்லை என்றால், ஹெச்.ஆருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பலாம். பெயர், எந்த வேலைக்கு, எந்த நாளில் வந்தீர்கள் என்ற விவரம் அதில் இருக்கட்டும்.